மூச்சுக்காக வாங்கின மிஷின்

மாடிப்படியில வழுக்கி விழுந்துட்டேன்னுதான் தம்பி இந்த ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்திருக்கேன். போலீஸ்காரர் வந்து கேட்டப்பவும் அதையேதான் சொன்னேன். ஆனா நீங்க பக்கத்துக் கட்டில். உங்க அப்பாவைப் பாத்துக்க வந்தவரு, எனக்கும் சேத்துத் தண்ணி புடிச்சுத் தர்றீங்க. நான் திரும்பிப் படுக்கணும்னா முதுகைத் தாங்கிப் புடிக்கிறீங்க. உங்ககிட்ட மறைக்க மனசு வரல. இந்தக் கை, இந்தத் தோள்பட்டை, இந்த முட்டி, எல்லாம் வேக்குவம் கிளீனர் பைப்பால வாங்கின அடி. அடிச்சது எம் பொண்டாட்டி.

உக்காருங்க. அப்பா நல்லாத் தூங்குறாரு. நர்சம்மா இப்போதைக்கு இந்தப் பக்கம் வராது.

நீங்க அவங்களை என்ன பண்ணீங்கன்னு கேக்குறீங்க பாருங்க. இதைத்தான் எல்லாரும் கேக்குறாங்க. அடி வாங்கினவன் நான், என்னைப் பாத்து என்ன பண்ணேன்னு கேள்வி. நான் ஒண்ணும் பண்ணல தம்பி. குடி கிடையாது. பீடி, பாக்கு எதுவும் தொட்டதில்ல. வேலை விட்டா வீடு. எம் பேரு கலியமூர்த்தி. அரியலூர்ல சிமெண்டு ஃபேக்டரியில மெயின்டனன்ஸ் ஃபோர்மேன். எந்த ஃபேக்டரின்னு வேணாம், அங்கதான் வரிசையா நிக்குதே. தூசியை உறிஞ்சி வடிகட்டுற பில்டர் இருக்கும், ஒவ்வொண்ணும் ஒரு வீடு ஒசரம், அதுல அடைப்பு வராமப் பாத்துக்கறதுதான் என் வேலை. அடைப்பை எடுக்கறது யாரு வேணா எடுப்பான். வராமப் பாத்துக்கறான் பாருங்க, அவன்தான் மெயின்டனன்ஸ்காரன்.

எனக்கு ஒரே பொண்ணு. சாருமதி. பிளஸ் ஒன் படிக்குது. சின்னதுலேருந்து வீசிங். மூச்சு இழுத்துச்சுன்னா நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டா எனக்குக் கைகால் ஓடாது. எங்க குவார்ட்டர்ஸ்ல சன்னலைச் சாத்தி வச்சாலும் சாயந்திரத்துக்குள்ள மேசை மேல வெள்ளையாப் படிஞ்சிரும். விரலால பேரே எழுதலாம். தஞ்சாவூர்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டினோம். துடைப்பத்தால கூட்டாதீங்க, தூசி கெளம்பும், முடிஞ்சா மிஷின் வாங்கிக்கங்கன்னாரு. மறுவாரமே திருச்சி போயி வாங்கிட்டேன். அடியில உருளை மாதிரி பிரஷ் சுத்துற மாடல். பஸ்ல கீழ வைக்காம மடியிலயே வச்சு எடுத்துட்டு வந்தேன். சாரு அன்னைக்கு வீட்டையே சுத்திச் சுத்தி ஓட்டுனா. அப்பா, தரை குடிக்குதுப்பான்னா. அந்தச் சிரிப்பு இன்னும் காதுல இருக்கு.

எம் பொண்டாட்டி தமயந்திய உக்கார வச்சு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். டப்பாவுல பாதிக்கு மேல தூசி சேர விடாதே. பில்டரைத் தட்டணும், கழுவினா நிழல்ல ஒரு நாள் முழுக்கக் காயணும். இழுவை கொறைஞ்சா மொதல்ல ஹோஸைக் கழட்டு, ஒரு காசைப் போடு. அந்தப் பக்கம் விழுந்தா ஹோஸ் சுத்தம். விழலைன்னா உள்ள அடைப்பு, கம்பை விட்டுக் குத்தாதே, கிழிஞ்சிரும், நீட்டி வச்சு உதறு. இதுல என்ன கஷ்டம் சொல்லுங்க. சின்னப் புள்ள கூடச் செய்யும். அவ தலையத் தலைய ஆட்டுனா. அவ அப்படித்தான், எது சொன்னாலும் தலையை ஆட்டுவா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா. விருத்தாசலம் பக்கம் பொறந்தவ.

மொதல் அடைப்பு எப்படி வந்துச்சுங்கிறீங்க. ஈரத்தரையில ஓட்டிட்டா. கொடத்துத் தண்ணி சிந்துன எடத்துல, தொடைக்காம, அப்படியே. எங்க ஊர்த் தூசி உங்க ஊர்த் தூசி மாதிரி இல்ல தம்பி, அதுல பாதி சிமெண்டு. ஈரம் பட்டா இறுகிப் போயிரும். நான் ஷிஃப்ட் முடிச்சு வந்து பாக்குறேன், ஹோஸுக்குள்ள கல்லு மாதிரி இருக்கு. காசைப் போட்டா டக்குன்னு நிக்குது. அதை உடைச்சு எடுக்குறதுக்குள்ள எனக்கு உயிர் போயிருச்சு. எடுத்து முடிச்சு அந்த ஹோஸாலயே நாலு இழுத்தேன். பிளாஸ்டிக் ஹோஸுதான், அதுல என்ன வலிச்சிரப் போவுது. முதுகுல வரி வரியாக் கொஞ்ச நாள் இருந்துச்சு. அவ ஒடம்பு அந்த மாதிரி, லேசா தொட்டாலே கன்னிப் போயிரும்.

அதுக்கப்புறம் ஈரத்துல ஓட்டலையே. அதைத்தான் நான் சொல்றேன்.

ஆனா இன்னொண்ணு பண்ணா. பில்டரைக் கழுவிட்டு, காயறதுக்குள்ள மாட்டிட்டா. கேட்டா, ஒறவுக்காரங்க புள்ளையப் பாக்க வர்றாங்க, சீக்கிரம் கூட்டணும்னு மாட்டினேங்குறா. ஈரப் பில்டர்ல தூசி அப்பிக்கிட்டா மாவு பெசைஞ்ச மாதிரி ஆயிரும் தம்பி. காத்து உள்ளயே போவாது. மோட்டாரு மூச்சுத் திணறிக் கத்துது. அந்தச் சத்தத்தை என்னால தாங்கவே முடியல. ஒறவுக்காரங்க போற வரைக்கும் பொறுமையா இருந்தேன். என் பொறுமையை யாரும் பாக்குறதில்ல. அவங்க போனதும், டப்பாவுல இருந்த தூசியைச் சோத்துப் பானையில கொட்டினேன். பெசைஞ்சேன். ஒரு வாய் சாப்புடுடின்னேன். மோட்டாருக்கு எப்படி இருந்திருக்கும்னு அவளுக்கும் தெரியணும்ல. வாயைத் தெறக்க மாட்டேன்னா. தாடையை அமுக்கினா தானாத் தெறக்கும்.

அன்னைக்குத்தான் சாருவுக்கு ரொம்ப முடியாமப் போச்சு. ஒதடெல்லாம் நீலம் பாரிச்சு, பேச்சே வரல. நான்தான் தூக்கிக்கிட்டு ஓடினேன், செருப்புக்கூடப் போடாம. ஆட்டோவுல அவ நெஞ்சைத் தேய்ச்சுக்கிட்டே போறேன், அழுதுக்கிட்டே போறேன். நெனைச்சுப் பாருங்க, ஒரு பில்டரை ஒழுங்காக் காயப் போடாததுக்கு என்ன ஆயிருச்சுன்னு. தூசி அவ்வளவு பொல்லாதது.

டாக்டர் கேட்டாரு, இது எப்ப எப்ப வருதும்மான்னு. தமயந்தி தரையைப் பாத்துக்கிட்டே சொல்றா, இவங்க லீவுல வீட்ல இருக்கற அன்னைக்கு சார்னு. டாக்டர் என்னைப் பாத்தாரு. அவருக்கு விஷயம் புரிஞ்சிருச்சு. நான் வீட்ல இருந்தா என் கண்ணுல படுது, நான் இல்லாதப்ப வந்தா இவங்க சொல்றதில்ல, அதானே. அதையே நான் அவர்கிட்டச் சொன்னேன். அவரு மருந்து எழுதினாரு.

அப்புறம் அவ தம்பி வந்தான், கொளஞ்சி. சோளக்காட்டுக்காரன். மாமா, அக்காவை நாங்க கொஞ்ச நாள் கூட்டிட்டுப் போறோம்னான். நல்லாத்தான் பேசினான், நான் ஒத்துக்கறேன். காபி போட்டுக் கொடுக்கச் சொன்னேன். குடிச்சிட்டு, ஒரு மிஷினுக்காக மனுசியப் போட்டு இப்படிப் பண்றீங்களேன்னான். மிஷினுக்காகவா தம்பி. நீங்க சொல்லுங்க. எம் பொண்ணு மூச்சுக்காக. அதைக் கூட வெளங்கிக்கத் தெரியாத ஆளு எதுக்கு நம்ம வீட்டுக்கு வரணும். எந்திரிச்சு போடான்னு நெஞ்சுல கையை வச்சுத் தள்ளினேன். அவ்வளவுதான் தள்ளினேன். பின்னால படி இருந்துச்சு. அதுல உருண்டு, கீழ மூஞ்சி குப்புற விழுந்து முன்பல்லு ரெண்டும் போச்சு. ரத்தத்தோட எந்திரிச்சு அக்காவைப் பாத்தான். அவ உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டா. பாருங்க, அவளுக்கே தெரிஞ்சிருக்கு யாரு பக்கம் நியாயம்னு.

தண்ணி கொஞ்சம் கொடுங்க. போதும், போதும்.

இப்ப முக்கியமானதுக்கு வர்றேன். முடி. அந்த உருளை பிரஷ் இருக்கே, அதுக்கு முடிதான் எமன். ஒரு நாளைக்கு ரெண்டு முடி சுத்தினாப் போதும், ஒரு மாசத்துல கயிறு மாதிரி முறுக்கிக்கும். உருளை சுத்தாது, உள்ள இருக்கற ரப்பர் பெல்ட் தேயும். நான் வாரா வாரம் கவுத்துப் போட்டு, கத்திரிக்கோலை நீளவாக்குல விட்டு வெட்டி வெட்டி எடுப்பேன். எடுக்க எடுக்க வரும். ரெண்டு பேருக்கும் நல்ல அடர்த்தியான முடி. சாருவுக்கு இடுப்புக்குக் கீழ. அவ அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவை எண்ணெய் வச்சு, சீயக்காய் போட்டு, சாம்பிராணி காட்டி வளத்த முடி. அழகுதான். நான் இல்லைங்கலையே. ஆனா வீட்டுக்குள்ள தலை சீவக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன். கொல்லையில போய்ச் சீவு, சீவினதும் முடிஞ்சு கொண்டை போட்டுக்க, முடிய விரிச்சுப் போட்டுக்கிட்டு உள்ள நடக்காதே. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிச்சிருச்சு.

அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல ஆண்டு விழா. சாரு கட்டுரைப் போட்டியில முதல் பரிசு. காலையிலேருந்து மழை. கொல்லைக்குப் போக முடியலன்னு, கண்ணாடி முன்னால, கூடத்துல உக்கார வச்சு அவ அம்மா சீவி விட்டிருக்கா. நான் வர்றதுக்குள்ள கூட்டிரலாம்னு மிஷினைப் போட்டிருக்கா. நான் வாசல்கிட்ட வரும்போதே ரப்பர் தீயற வாடை. உள்ள வந்து கவுத்துப் பாத்தா, உருளை தெரியல தம்பி. முடிதான் தெரியுது. பெல்ட் அறுந்து ஒட்டிக்கிட்டுக் கெடக்கு.

எனக்கு அப்பக் கோபமே வரல. நம்பினா நம்புங்க. ரொம்பத் தெளிவா இருந்தேன். ஃபேக்டரியில ஒரு பில்டர் திரும்பத் திரும்ப அடைச்சா நாங்க பில்டரைத் திட்ட மாட்டோம். தூசி எங்கேருந்து வருதோ அங்க போயி நிறுத்துவோம். அதேதான் பண்ணேன். உருளையில முடி வெட்டுற கத்திரிக்கோலை எடுத்துக்கிட்டு, சாரு, இங்க வாம்மான்னேன்.

வந்தா. பட்டுப்பாவாடை கட்டி, ரெண்டு பக்கமும் கனகாம்பரம். கத்திரிக்கோலைப் பாத்ததும் அப்பா, இன்னைக்கு வேண்டாம்பான்னா. இன்னைக்கு வேண்டாம்னா என்ன அர்த்தம். நாளைக்குப் பண்ணலாம்னு அர்த்தம். நாளைக்குப் பண்றதை இன்னைக்குப் பண்ணா என்ன. பின்னலைப் புடிச்சு இழுத்துக் கீழ உக்கார வச்சேன். திமிறினா. முட்டியை முதுகுல வச்சு அமுக்கிக்கிட்டேன், வேற வழி இல்ல. அந்தக் கத்திரி மொக்கை. முடியோ திம்முன்னு இருக்கு. ஒரே வெட்டுல போகல. அறுத்து அறுத்துத்தான் எடுக்க வேண்டியிருந்துச்சு. தலையை ஆட்டிக்கிட்டே இருந்ததால காது மடல்ல கொஞ்சம் கிழிச்சிருச்சு. ஆடாம இருந்திருந்தா ஒண்ணும் ஆயிருக்காது.

தமயந்தி என் காலைப் புடிச்சுக்கிட்டா. விட்ருங்க, விட்ருங்கன்னு. ஒரு ஒதை விட்டேன், கிரைண்டர்ல போய் மண்டை இடிச்சு உக்காந்துட்டா. சரி, அடங்கிட்டான்னு நான் வேலையைப் பாத்தேன். ஒரு பக்கம் முடிஞ்சிருச்சு. இன்னொரு பக்கம் கையை வச்சேன். அப்பத்தான் சாருவுக்கு இழுப்பு ஆரம்பிச்சுது. விசில் சத்தம். நான் சொன்னேன், இரும்மா, முடியப் போவுது, இனிமே ஒனக்கு இந்தத் தொந்தரவே இருக்காதுன்னு.

பின்னால கிளிக்குன்னு ஒரு சத்தம். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். மிஷின்லேருந்து ஸ்டீல் பைப்பைக் கழட்டினா வர்ற சத்தம். எதுக்குக் கழட்டுறான்னு திரும்புறேன், கை மேல விழுந்துச்சு. கத்திரி எகிறிப் போச்சு. எலும்பு உடையறது வலிக்கறதுக்கு முன்னாடியே காதுல கேக்கும், உங்களுக்குத் தெரியுமா. ஏய்னு எந்திரிச்சேன். தோள்பட்டையில ஒண்ணு. அப்புறம் முட்டி. விழுந்துட்டேன். விழுந்த பின்னாடியும் விடல. துணி துவைக்கிறவங்க மாதிரி, நெதானமா, ஒரே எடத்துல. ஒரு சத்தம் போடல, ஒரு கெட்ட வார்த்தை சொல்லல. மூஞ்சியில ரத்தம் வழியுது, அதைத் தொடைச்சுக்கிட்டே அடிக்கிறா.

நடுவுல நிறுத்தினா. நான் நெனைச்சேன், பயந்துட்டா, இப்பக் கால்ல விழுவான்னு. இல்ல. பைப்பைச் சொவத்துல சாத்தி வச்சிட்டு சாருகிட்டப் போனா. வாயில வீசிங் பம்பை வச்சு, மெதுவா இழு கண்ணு, இன்னும் ஒண்ணுன்னு மருந்து அடிச்சு விட்டா. முதுகைத் தடவிக் கொடுத்தா. புள்ளைக்கு மூச்சு சீராகிற வரைக்கும் அங்கயே உக்காந்திருந்தா. அப்புறம் எந்திரிச்சு வந்து, பைப்பை எடுத்து, திரும்ப அடிச்சா.

அதுதான் தம்பி எனக்குப் புரியவே மாட்டேங்குது. கோவத்துல அடிச்சா சரி, மனுசனுக்குக் கோவம் வரத்தான் செய்யும். நிறுத்திட்டுப் போயி, வேலையைப் பாத்துட்டு, திரும்பி வந்து அடிக்கிறதுன்னா, அது என்ன மனசு. என்கூட இத்தனை வருசம் இருந்தவளா அவ.

ஆம்புலன்சுக்கும் அவதான் போன் போட்டிருக்கா. போலீசுகிட்டயும் அவளாப் போயி, நான்தான் அடிச்சேன்னு சொல்லியிருக்கா. இன்ஸ்பெக்டர் திரும்ப என்கிட்ட வந்தாரு. நான் படியில விழுந்தேன்னே நின்னேன். குடும்ப மானம்னு ஒண்ணு இருக்குல்ல. அவரு சொன்னாரு, உங்க பொண்ணைப் பாத்தேன் சார், நீங்க படியில விழுந்ததாவே இருக்கட்டும்னாரு. நல்ல மனுசன்.

முந்தாநேத்து சாயங்காலம் தமயந்தி இங்க வந்தா, நீங்க அப்ப அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிருந்தீங்க. முக்காடு போட்டிருந்தா. கால்மாட்டுல நின்னா. நாங்க கொளஞ்சி வீட்டுக்குப் போயிட்டோம், சாருவை அங்கயே பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு, வீட்டுச்சாவி இந்தாங்கன்னு கட்டில்ல வச்சா. வைக்கக் குனிஞ்சப்ப முக்காடு நழுவிருச்சு. மொட்டை. முழு மொட்டை. நெத்திக்கு மேல தையல் போட்ட காயம்.

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு தம்பி. எவ்வளவு முடி அவளுக்கு. நான் பொழைச்சு எந்திரிக்கணும்னு வேண்டிக்கிட்டு மொட்டை போட்டிருக்கா பாருங்க. எந்தக் கோயில்ல தமயந்தின்னு கேட்டேன். கோயில்ல இல்ல, வீட்லதான், சாரு தலையில மிச்சம் இருந்ததை எடுக்க வேண்டியதாப் போச்சு, ஒத்தையா எப்படிப் பள்ளிக்கூடம் போவா, அதான் நானும் எடுத்துக்கிட்டேங்குறா. வெளியில சொல்லக் கூடாத வேண்டுதல் சிலது இருக்கும். நானும் தோண்டித் தோண்டிக் கேக்கல. போயிட்டா.

தம்பி, உங்க போனைக் கொஞ்சம் கொடுப்பீங்களா. நான் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்குறாங்க, அங்க டவர் சரியில்ல போலருக்கு. சாரு நம்பரை நான் சொல்றேன், நீங்களே போடுங்க. எனக்கு இந்தக் கையில முடியாது. ஸ்பீக்கர்ல வைங்க. அடிக்குது. அடிக்குது.

சாருதான். கேக்குதா? நீங்க ஏதாவது பேசுங்க, உங்க ஸ்கூல் எதுன்னு கேளுங்க, சும்மா.

எவ்வளவு நல்லாப் பேசுது பாருங்க. விசிலே இல்ல. பின்னால துடைப்பம் சத்தம் கேக்குது, யாரோ வாசலைக் கூட்டுறாங்க. சோளம் அடிச்ச களம் அது, ஒரே தூசியா இருக்கும். அதுல நின்னுக்கிட்டு மடமடன்னு பேசுது. சிரிக்குது. எனக்கே ஆச்சரியமா இருக்கு. இங்க கொண்டாங்க, வாய்கிட்ட வைங்க.

சாரு. சாருக்கண்ணு. அப்பா பேசுறேன்மா.

சாரு.

கேட்டீங்களா தம்பி. கேட்டீங்களா அந்த இழுப்பை. இவ்வளவு நேரம் நல்லாப் பேசிக்கிட்டிருந்த புள்ள, ஒரு நொடியில எப்படி ஆயிருச்சு. அந்தக் களத்துத் தூசி இப்பத்தான் அவ மூக்குக்குப் போயிருக்கு. அம்மா அம்மான்னு கூப்பிடுது, கேக்குதா. கட் ஆயிருச்சா.

இதை இப்படியே விடக் கூடாது. திங்கக்கிழமை என்னை அனுப்பிருவாங்க. கட்டையை ஊனிக்கிட்டாவது விருத்தாசலம் பஸ் ஏறி, ரெண்டு பேரையும் கூட்டிட்டு வந்துருவேன். புது பெல்ட் வாங்கி மாட்டிட்டா மிஷின் ஓடும். வலது கை தோளுக்கு மேல இனிமே தூக்க வராதுன்னு டாக்டர் சொல்றாரு. பரவால்ல, இடது கை நல்லாத்தான் இருக்கு.

இன்னொரு தடவை போடுங்க. பம்பு அடிச்சுக்கிட்டாளான்னு மட்டும் கேட்டுக்கறேன்.

போடுங்க தம்பி. போனை ஏன் சட்டைப்பையில வைக்கிறீங்க.